இரவுக் காற்றில் ஒன்றுமில்லை என்று நிரூபிப்பது எப்படி?

மேலிடத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டெல்லியின் குளிர்கால இரவுகளில் காற்றில் என்னென்ன வேதிவினைகள் நடக்கின்றன என்று அளந்து, மார்ச் கடைசிக்குள் அறிக்கை தர வேண்டும். எழுதியவருக்குக் காற்றின் மேல் திடீர்ப் பாசம் எதுவும் வந்துவிடவில்லை. எங்கோ யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லியாக வேண்டும். பதில் சுருக்கமாக இருந்தால் நல்லது. ‘கவலைப்படும்படி ஏதும் காணப்படவில்லை’ என்று ஒரே வரியில் முடிந்தால் ரொம்ப நல்லது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் அட்டவணை முழுக்கப் பூஜ்யங்கள் வேண்டும். அவற்றை எடுக்கும் முறைதான் கீழே. பொய் எழுதச் சொல்லவில்லை, கவனியுங்கள். கருவியே காட்டும் பூஜ்யம்தான். அதைக் காட்டும்படி கருவியை வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

எதிராளி யார்?

நைட்ரேட் ரேடிக்கல். ஒரு நைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். வாகனப் புகையால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் காற்றில் இருக்கும் ஓசோனும் சேர்ந்தால் இது பிறக்கும். பகலில் இதற்குப் பிழைப்பில்லை. வெயில் பட்டால் ஐந்தாறு விநாடிகளில் உடைந்துபோகும். பொழுது சாய்ந்த பிறகே தலையெடுக்கும். மரங்கள் விடும் ஆவி, பெட்ரோல் ஆவி, விறகுப் புகை என்று எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கி, அதில் ஒரு பகுதியை நுண்துகளாக்கிவிடும்.

இது தனியாகவும் அலையாது. பக்கத்தில் இன்னொரு நைட்ரஜன் டை ஆக்சைடு கிடைத்தால் ஒட்டிக்கொண்டு டைநைட்ரஜன் பென்டாக்சைடு ஆகிவிடும். குளிரில் ஒட்டும், சூட்டில் பிரியும். அந்தப் பென்டாக்சைடு ஈரமான துகள் மேல் விழுந்தால் நைட்ரிக் அமிலம். துகளில் குளோரைடும் இருந்தால், கூடவே நைட்ரைல் குளோரைடு என்ற வாயு. இந்தக் கடைசி ஆள் இரவெல்லாம் ஒரு வம்புக்கும் போகாமல் காற்றில் சேர்ந்துகொண்டே இருப்பான். விடிந்து வெயில் பட்டதும் உடைந்து குளோரின் அணுவை அவிழ்த்துவிடுவான். அன்றைய ஓசோனுக்கு அதிகாலையிலேயே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

அளவைக் கேட்டால் உங்களுக்கு நிம்மதி வரும். லட்சம் கோடி மூலக்கூறுகளில் நைட்ரேட் ரேடிக்கல் சில பத்து, மிஞ்சினால் சில நூறு. இவ்வளவு சொற்பத்தைப் பார்க்காமல் விடுவதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். ஆனால் பார்த்துத்தான் தீருவோம் என்று கிளம்பியவர்கள் உண்டு. 1978-ல் ஜான் நாக்ஸன் என்பவரும் கூட்டாளிகளும் நிலவொளியைக் கருவிக்குள் விட்டு, வழியில் எந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்தே இதைப் பிடித்துவிட்டார்கள். சிவப்பில் 662 நானோமீட்டர் அலைநீளத்தில் இது ஒளியை விழுங்குகிறது. அடுத்த ஆண்டே உல்ரிக் பிளாட்டும் சகாக்களும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தூரத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, மாசடைந்த நகரக் காற்றிலும் அதைக் கண்டார்கள். லட்சம் கோடிக்கு முந்நூறுக்கும் மேல். இந்த மாதிரி ஆட்களை உங்கள் குழுவில் சேர்க்காதீர்கள்.

அளக்காமலே விடலாமா?

அதுதான் உத்தமம். நம் நாட்டின் தேசியக் காற்றுத் தரநிலை 2009-ல் அறிவிக்கப்பட்டது. அதில் 12 மாசுகள் உண்டு, நைட்ரேட் ரேடிக்கல் கிடையாது, பென்டாக்சைடு கிடையாது, நைட்ரைல் குளோரைடு கிடையாது. பட்டியலில் இல்லாததை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டுவிட்டார்கள் என்பதால்தான் இந்தக் கையேடு.

இடம் பார்ப்பது

தரைமட்டத்தில் வையுங்கள். சாலையோரமாக இருந்தால் இன்னும் சிறப்பு.

காரணம் இருக்கிறது. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே எழும்ப மனமில்லாமல் அப்படியே படுத்துக்கொள்ளும். நகரம் கக்கும் புகையெல்லாம் சில பத்து மீட்டர், அதிகம் போனால் நூறு இருநூறு மீட்டர் உயரத்துக்குள் அடைபட்டுவிடும். எஞ்சினிலிருந்து புதிதாக வெளிவரும் புகையில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடு. உங்களுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடைக்க மாட்டான். ஓசோனைக் கண்டால் தின்றுவிடும், ஆகவே ரேடிக்கல் பிறக்கவே வழியில்லை. தப்பிப் பிறந்ததையும் விடாது. நூறு கோடியில் ஒரே ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் போதும், ரேடிக்கலின் ஆயுள் இரண்டு விநாடியைத் தாண்டாது.

மேலே போனால் கதையே மாறும். பகலில் கலந்து கிடந்த காற்று, ஓசோனோடும் நைட்ரஜன் டை ஆக்சைடோடும், தரைப்புகை எட்டாத உயரத்தில் இரவு முழுக்க மிதந்துகொண்டிருக்கும். உண்மையான இரவு வேதியியல் அங்கேதான் நடக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஏணி தேடி அலைந்தார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 300 மீட்டர் கோபுரம் ஒன்று இருந்தது. 2004-ல் அதன் லிஃப்ட் பெட்டியில் கருவியை ஏற்றி இரவில் மேலும் கீழுமாக ஓட்டினார்கள். சில மீட்டர் வித்தியாசத்தில் எண் தாவுவது தெரிந்தது. லண்டனில் பி.டி. டவரின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஹாங்காங்கில் 2013-ல் டாய் மோ ஷான் மலையில், 957 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து, நூறு கோடிக்கு 4.7 பங்கு நைட்ரைல் குளோரைடு பார்த்தார்கள். 2015 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சி-130 விமானத்தையே ஆய்வுக்கூடமாக்கி இரவில் பறந்தார்கள்.

உங்கள் கோப்பில் விமானம் என்ற சொல் வந்தாலே நிதிப்பிரிவு பார்த்துக்கொள்ளும். கோபுரத்துக்கு மட்டும் நீங்களே ஒரு காரணம் தயார் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் காவலாளியும்

டீசல் ஜெனரேட்டரைக் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். மற்றவர்கள் முந்நூறு அடி கம்பி இழுத்து, காற்று வீசும் திசை பார்த்து, எட்ட வைப்பார்கள். உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்? கம்பிக்கும் காசு மிச்சம்.

காவலாளி ஐயாவை அன்பாக நடத்துங்கள். ஜனவரி இரவில் டெல்லியில் அவர் நெருப்பு மூட்டாமல் இருக்க முடியாது. சருகு, அட்டைப் பெட்டி, பழைய செருப்பு, கிழிந்த ஃபிளெக்ஸ் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். கிட்டப் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பித் துண்டு விழுந்தால் சுடரின் ஓரம் மட்டும் பச்சையாக மின்னும். செம்பும் குளோரினும் சேர்ந்து எரியும் நிறம் அது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். டெல்லிக் காற்றில் அம்மோனியாவுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டும் குளிரில் கூடி அம்மோனியம் குளோரைடுத் துகளாகிவிடும். உலகில் வேறெந்த நகரத்திலும் பார்த்திராத அளவுக்கு டெல்லித் துகள்களில் குளோரைடு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் 2021-ல் வந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போய், அந்தக் குளோரைடு இழுத்துக்கொள்ளும் ஈரம்தான் மூட்டத்தில் பார்வை மறைவதில் ஏறத்தாழ பாதிக்குப் பொறுப்பு என்று கணக்குக் காட்டியது. கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் குளோரைடு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், அந்த ஐயாவைக் கைகாட்டிவிடாதீர்கள். அவர் போடும் நெருப்பு ஒரு கையளவு. ஊருக்கு வெளியே கம்பிச் சுருளை மலைமலையாக எரித்துச் செம்பு எடுப்பவர்களும் குப்பைமேடுகளும் வேறு கணக்கு.

ஆனால் உங்களுக்கு அவருடைய நெருப்பு உதவும். புகை நேரே குழாய்க்குள் போகட்டும்.

தெருவிளக்கு வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நகர விளக்குகளின் ஒளியே நைட்ரேட் ரேடிக்கலைக் கொஞ்சம் உடைக்கிறது என்று லாஸ் ஏஞ்சலஸ் மேல் பறந்து பார்த்தவர்கள் 2010-ல் சொன்னார்கள். மாசுகளைத் தாக்கி ரேடிக்கல் செய்யும் இரவு நேரச் சுத்திகரிப்பு 7 சதவீதம் வரை குறையலாம் என்றார்கள். ஏழு சதவீதத்தை நம்பிப் பிழைக்க முடியாது. ஜெனரேட்டரே போதும்.

குழாய்

நீளமாக இருக்கட்டும். வளைந்து வளைந்து போகட்டும். இரும்பாகவோ செம்பாகவோ இருந்தால் மெத்தச் சரி. நைட்ரேட் ரேடிக்கல் எந்தச் சுவரில் பட்டாலும் அங்கேயே முடிந்துவிடும். பென்டாக்சைடு ஈரச் சுவரில் பட்டால் அமிலமாகிவிடும். இதற்குப் பயந்துதான் மற்றவர்கள் டெஃப்லான் குழாயைச் சாண் சாணாக அளந்து குறுக்கி, காற்றை வேகமாக இழுத்து, ஒரு விநாடிக்குள் கருவிக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள்.

குழாய் வாயில் தூசு வடிகட்டி ஒன்று இருக்கும், ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளை வட்டு. அதை மாற்றாதீர்கள். டெல்லிக் குளிர்காலத்தில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமாகி, பிறகு தார் பூசினாற்போல ஆகிவிடும். அந்தக் கறுப்புப் படலத்தைத் தாண்டி ரேடிக்கல் உள்ளே வருவது துர்லபம். கவனமுள்ளவர்கள் மணிக்கு ஒரு முறையாவது மாற்றுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விரல் விறைக்க, கையுறையைக் கழற்றி, இடுக்கியால் வட்டைத் தூக்கி, புதியதை வைத்து, நேரத்தை நோட்டில் குறிப்பார்கள். நீங்கள் போர்வைக்குள் இருக்கலாம்.

கண்ணாடிகளும் சிலிண்டரும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மொத்த வித்தையும் இதற்குள் இருக்கிறது.

கருவி என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி. அவை 99.998 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். சிவப்பு லேசர் ஒளியை உள்ளே விட்டு அணைத்துவிடுவார்கள். மாட்டிக்கொண்ட ஒளி இங்கும் அங்கும் மோதி மோதி, அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே ஐம்பது கிலோமீட்டர் நடந்துவிடும். நடந்துகொண்டே மங்கும். காற்றில் நைட்ரேட் ரேடிக்கல் இருந்தால் சீக்கிரம் மங்கும். எவ்வளவு சீக்கிரம் என்பதிலிருந்து அளவைக் கணக்கிடலாம். இன்னொரு குழாய்க்குள் காற்றை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி விடுவார்கள். பென்டாக்சைடு பிரிந்து ரேடிக்கலாகும், அதையும் எண்ணிவிடலாம்.

உங்களுக்கு வேண்டியது எளிது. கண்ணாடியில் ஒரு துளி தூசு படிந்தாலும் ஒளி பாதி வழியில் சோர்ந்துவிடும். துடைக்காதீர்கள்.

ஆனால் ஒளி மங்குவதற்கு நைட்ரேட் ரேடிக்கல் மட்டும் காரணமில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் நீராவியும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கும். எது யாருடைய பங்கு என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் அந்தத் தந்திரம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சிலிண்டரிலிருந்து கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடைக் குழாய் வாயில் விடுவார்கள். உள்ளே வரும் ரேடிக்கல் அத்தனையும் அந்தக் கணமே காலி. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அப்போது கருவி காட்டுவதுதான் அடிமட்டம். சிலிண்டரை மூடினால் எண் மேலே ஏற வேண்டும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் ரேடிக்கல்.

ஆக, இந்தக் கருவிக்குப் பூஜ்யம் காட்டச் சொல்லிக்கொடுக்கும் மருந்து நைட்ரிக் ஆக்சைடு. சிலிண்டர் வால்வு லேசாகக் கசிந்தால் ஆண்டு முழுக்கப் பூஜ்யம்தான். வாஷர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நைட்ரைல் குளோரைடுக்கு வேறு கருவி, அயோடைடு அயனியை ஒட்டவைத்து எடை பார்க்கும் நிறைமானி. அதில் 208-லும் 210-லும் இரண்டு முகடுகள் எழும், முன்னது பின்னதைப் போல மூன்று மடங்கு. குளோரின் இயற்கையிலேயே இரண்டு எடையில், அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. இந்த விகிதம் பொருந்திவிட்டால் ஆள் யாரென்பதில் சந்தேகமே இருக்காது, மறுக்க வழியிருக்காது. எனவே 208-ஐ மட்டும் பதிவு செய்யுங்கள். பிறகு ‘உறுதிப்படுத்த இயலவில்லை’ என்று எழுதலாம்.

எண்களும் கடிகாரமும்

கருவியின் எல்லைக்குக் கீழே வரும் அளவுகள் சிலநேரம் பூஜ்யத்துக்கு மேலும் சிலநேரம் கீழும் ஆடும். அவற்றை அப்படியே வைத்துச் சராசரி எடுப்பது நேர்மையானவர் வழக்கம். நீங்கள் எல்லைக்குக் கீழே உள்ளதையெல்லாம் பூஜ்யம் என்று நிரப்பிவிடுங்கள். அட்டவணை துப்புரவாக இருக்கும். மிச்சம் ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் 24 மணி நேரச் சராசரி எடுங்கள். எந்த இரவும் அதில் கரைந்துவிடும்.

கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் ஓடவிட்டு, அதை எங்கேயும் குறிப்பிடாமல் விடுவது இன்னொரு நல்ல வழி. ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். நள்ளிரவு மாலை ஆறரை ஆகிவிடும். மூன்று மாதத் தரவில் எது இரவு, எது பகல் என்று பிறகு பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

ஒரு சங்கடம்

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த பிறகு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டெல்லியில் இது எதுவுமே தேவைப்படாது.

உங்களிடம் வேலைக்கு வந்த பெண் விவரம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்துவிட்டாள் என்று வையுங்கள். குழாய் குட்டையாக இருக்கிறது, வடிகட்டி மணிக்கு மணி மாறுகிறது, கண்ணாடி பளபளக்கிறது, ஜெனரேட்டர் எங்கோ தொலைவில். கடிகாரம் இந்திய நேரம், அதையும் நோட்டில் எழுதியே வைத்திருக்கிறாள். நள்ளிரவுக்கு மேல் சிலிண்டரைத் திறக்கிறாள், மூடுகிறாள். எண் அசையவே இல்லை. காலையில் உங்களிடம் வந்து சொல்கிறாள்: “சார், இங்க சிலிண்டரே வேண்டாம் சார். நாம விடுறதை ஊரே விட்டுக்கிட்டு இருக்கு.”

அவள் சொல்வது சரி. பகலில் நகருக்குள் நுழைய முடியாத லாரிகள் இரவில் வரிசை கட்டி வருகின்றன. காற்றடுக்கு தாழ இறங்கி மூடிக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு நூறு கோடிக்கு நூறு பங்கைத் தாண்டும் இரவுகள் அங்கே உண்டு. ஒரு பங்குக்கே இரண்டு விநாடி ஆயுள் என்றால், நூறுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். ஓசோன் ஏறக்குறைய இல்லை. ரேடிக்கல் பிறப்பதில்லை, பென்டாக்சைடு இல்லை, தூசெல்லாம் குளோரைடு மண்டிக் கிடந்தும் இரவில் நைட்ரைல் குளோரைடு சேருவதில்லை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தாரும் நம் ஊர் ஆய்வாளர்களும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. கருவிக் கோளாறும் இல்லை, தூங்கிவிட்டதும் இல்லை. கடைசித் துளி ஆக்சிஜனேற்றியையும் தின்று தீர்க்கும் அளவுக்குப் புகை இருக்கிறது, அதனால் பூஜ்யம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லிவிட்டது. நைட்ரேட் ரேடிக்கலும் பென்டாக்சைடும் டெல்லியில் பகலில் ஏறுகின்றன. பாடப்புத்தகம் வெயிலில் ஐந்து விநாடி தாங்காது என்று சொல்லும் பொருள், நைட்ரிக் ஆக்சைடு ஓய்ந்து ஓசோன் தலைதூக்கும் நேரத்தில், வேறெங்கும் வழக்கமில்லாத அளவுக்கு வருகிறது. உங்கள் பெண் வரைந்து காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் கடிகாரம் பிசகிவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவள்தான் நேரத்தை நோட்டில் எழுதிவைத்துவிட்டாளே.

இரவில் வினை நின்றுவிட்டது, ஆகவே மூட்டமும் குறையும் என்று தயவுசெய்து அறிக்கையில் சேர்த்துவிடாதீர்கள். அதே 2023-ல் கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் ஐரோப்பியக் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வின்படி, விறகும் சருகும் எரிந்து வரும் ஆவிகள் இரவுக் குளிரில் துகள் மேல் அப்படியே உறைந்து படிகின்றன. சில மணி நேரத்தில் துகள் ஊதிப் பெருத்துவிடுகிறது. அதற்கு ரேடிக்கலின் தயவு தேவையில்லை. துகள் எண்ணும் கருவியை வாங்காமல் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

மேலிடத்தில் யாராவது புத்திசாலி இருந்து, இரவு லாரிகளைக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். நைட்ரிக் ஆக்சைடு நன்றாகக் குறைந்தால் இரவு வினை மீண்டும் எழக்கூடும், விடிந்ததும் குளோரினும் கூடக்கூடும் என்கிறது அந்த ஸ்டாக்ஹோம் ஆய்வு. லாரியை விட்டுவைக்க இது காரணமாகாது. அதே புகையில்தான் கரியும் வருகிறது, அதைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். புகையைக் குறைக்கும்போது குப்பையும் கம்பியும் எரிப்பதையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஆனால் இரண்டு இலாகா சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை உங்கள் அறிக்கை பரிந்துரைக்கலாமா?

காலை ஆறரைக்குக் கருவியை அணைத்துவிடுங்கள். பகல் தரவு எங்கே என்று கேட்டால், திட்டத்தின் பெயரை எடுத்துக் காட்டுங்கள். ‘இரவு நேர வளிமண்டல வேதியியல்’ என்றுதான் அனுமதி. பகல் உங்கள் வரம்பில் வராது.